சீர்த்தட்டில் ஒரு சக்கரப் பலகை

உக்காருங்க, உக்காருங்க. இந்தப் பொட்டிய நான் மடியில வெச்சுக்கறனுங்க. மேல வேண்டாமுங்க. படியூர்க்கிட்ட ஒரு வேகத்தடை இருக்குது, அதுல ஏறி எறங்கறப்ப மேல இருக்கறதெல்லாம் மண்டையில வந்து விழும்.

உள்ள என்னன்னு தானுங்க பாக்கறீங்க? காங்கயம் பஸ் ஸ்டேண்டுல ஒருத்தரு ஆர்மோனியப் பொட்டிங்களான்னு கேட்டாரு. இது பலகைங்க. கீழ நாலு சக்கரம் வெச்ச பலகை. ஸ்கேட்போர்டும்பாங்க. ஒரு கால மேல வெச்சுட்டு ஒரு கால்ல ஒந்தித் தள்ளிட்டுப் போறது. எனக்கில்லீங்க, சிரிக்காதீங்க. என்ற தங்கச்சி புள்ளைக்கு வாங்குனது. இப்ப திருப்பி எடுத்துட்டுப் போறேன். இத்தன கடை அலசி வாங்கியும் பாருங்க, அவளுக்குப் புடிக்காமப் போயிருச்சு. மனசே ஒடைஞ்சு போச்சுங்க எனக்கு. நெசமாச் சொல்றேன், இந்த பஸ்ஸுல ஏர்றதுக்கு முந்தி டீக்கடைக்குப் பின்னால நின்னு அழுதுட்டு வந்தனுங்க.

என்ற பேரு வெள்ளிங்கிரிங்க. திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில பர்ச்சேஸ் பாக்கறேன். பட்டன், ஜிப்பு, எலாஸ்டிக்கு, லேபிளு, இதையெல்லாம் எந்தக் கடையில வாங்கறதுன்னு நாந்தான் முடிவு பண்றது. ஒரு ஜிப்ப ரெண்டு இழு இழுத்தாப் போதும், இது சலவைக்கு நிக்குமா பல்லக் காட்டுமான்னு சொல்லிருவேன். என்னைய இதுவரைக்கும் ஒரு ஏவாரி ஏமாத்துனது கெடையாது. அதுக்குத்தான் இத்தன சொல்றேன். பொருளு வாங்கத் தெரியாதவன் வாங்கி இப்பிடி ஆயிருந்தாப் பரவால்லீங்க. எனக்கே இப்பிடின்னா?

கண்ணாலம் ஆகலீங்க. பொண்ணு அமையல. நம்ம பக்கம் இப்ப இருக்கற நெலவரம் உங்களுக்குத் தெரியாததா? தோட்டம் இருக்குதான்னாங்க, இல்லீன்னேன். வேற எடம் பாத்துக்கறமுன்னு போயிட்டாங்க. அது கெடக்குது. எனக்குன்னு இருக்கறது ஒரே தங்கச்சி, கலாமணி. காங்கயத்துல குடுத்திருக்குது. மாப்பிள்ளைக்குத் தேங்காக் களமுங்க. தேங்காய ஒடைச்சுப் பருப்புக் காயப் போடற களம். நம்ம மூணு கண்ணால மண்டபத்தச் சேத்து வெச்சாப்பல சிமெண்டுத் தரை, தொட்டா வழுவழுன்னு இருக்கும். அவங்களுக்கு ஒரே புள்ள, கனிஷ்கா. நான் அம்மிணின்னு தான் கூப்புடுவேன்.

அவ சின்னதா இருக்கையில திருப்பூர்ப் பொருட்காச்சியில ஒரு பிளாஸ்டிக் சக்கரப் பலகை வாங்கிக் குடுத்தனுங்க. வெளையாட்டுச் சாமான். மறுநாளே ஒடைஞ்சிரும்னு பாத்தா, அவ போன்ல வீடியோ பாத்துப் பாத்து ஓட்டப் பழகிட்டா. மழைக்காலத்துல களத்துல பருப்புப் போட மாட்டாங்க, காலியாத்தான் கெடக்கும். மழ விட்டுத் தரை காஞ்சதும் எறங்கிருவா. இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் போவா, அங்க போயி ஒரு சுத்து சுத்தித் திரும்புவா. சத்தமே போட மாட்டா. வாயத் தொறந்துட்டுப் போவா, அவ்வளவுதான். அந்த மூஞ்சிய நீங்க பாக்கோணுமுங்க. நான் ஞாயித்துக்கெழமையானா அதுக்குன்னே போயிருவேன். அவங்கப்பனும் ஆபீஸ் ரூமு வாசல்ல நின்னு பாத்துச் சிரிப்பாரு. எல்லாரும் நல்லாத்தானுங்க இருந்தோம்.

அந்தப் பலகை நடுவுல ஒடைஞ்சு போச்சு. அப்பத்தான் எங்கிட்ட வந்தா. "மாமா, நல்ல போர்டு ஒண்ணு வாங்கித் தாங்க மாமா. இந்த மழைக்காலம் முடியறதுக்குள்ள தாங்க. அப்பறம் களத்துல பருப்புப் போட்டுருவாங்க"ன்னா. போன்ல ஒரு கடையும் எடுத்துக் காட்டுனா. பெங்களூர்க் கடை, இணையத்துல விக்கறவங்க. நான் சொன்னேன், "கண்ணு, மொதக் கடையில வாங்கறவன் ஏவாரந் தெரியாதவன். மாமன் நாலு எடம் பாத்து வாங்கித் தர்றேன், பொறு."

நாலு எடமா பாத்தேன்? நாட்டுல இருக்கற கடை பூராவும் பாத்தனுங்க. ஒரு கடை, தொடப்பக்கட்டையில இருந்து எல்லாமே விப்பாங்க. அதுல ஒருத்தரு அஞ்சு ஸ்டாரு குடுத்து 'சூப்பர்'னு எழுதியிருக்கறாரு. எது சூப்பரு? பலகை சூப்பரா, சக்கரம் சூப்பரா, பொட்டி கட்டுனது சூப்பரா? ஒண்ணுமில்ல. இன்னொருத்தரு ஒரே ஸ்டாரு. என்னன்னு படிச்சுப் பாத்தா, கொண்டாந்து குடுத்தவரு மரியாதையாப் பேசலையாம்! இதை வெச்சு மனுசன் என்னத்த முடிவு பண்றது?

வெளிநாட்டுக் கடை ஒண்ணு இருந்துச்சுங்க. தொறந்ததும் ஒரே வெள்ள. பனி மல. அதுல வழுக்கிட்டுப் போறதுக்குன்னு தனியாப் பலகை, சக்கரமே இல்லாம, பூட்ஸக் கொண்டு போயி அதுலயே மாட்டிக்கற மாதிரி. பனிப் பலகையும் சக்கரப் பலகையும் ஒரே கடையில விக்கறாங்க. எதுக்கு மொத எடம்? பனிக்கு. அப்பச் சக்கரத்துல அவங்களுக்கு அக்கறை இருக்குமா? எலாஸ்டிக்கு விக்கறவங்கிட்டப் போயிப் பட்டன் வாங்குன கதையாயிரும். அம்மிணிகிட்ட அந்தப் பனிப் படத்தக் காட்டுனேன். களத்துல பருப்ப வெள்ளையா மல்லாத்தி வெச்சிருப்பாங்கல்ல, அதக் காட்டி, "மாமா, நம்மூர்ல பனி இருக்குது பாருங்க, இதையும் ஒண்ணு வாங்கிருங்க"ன்னா. ரெண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரிச்சமுங்க. கடைசியா அவ எங்கூடச் சிரிச்சது அப்பத்தான்னு நெனைக்கறேன்.

ஆமாங்க, அப்பவே பருப்புப் போட ஆரம்பிச்சிருந்தாங்க. மழ முடிஞ்சிருச்சு. ஆனா ஒரு ஓரமா எடம் விட்டு வெச்சிருந்தாரு மாப்பிள்ளை, புள்ளைக்குன்னு. அவ தெனமும் போன் பண்ணுவா. "எந்தக் கடைன்னாலும் பரவால்லீங்க மாமா." சின்னப் புள்ள, அதுக்கென்ன தெரியும்? நான் கடைக்காரங்களுக்குப் போனப் போட்டுக் கேட்டுட்டே இருந்தேன். மரம் என்ன மரம், எத்தன அடுக்கு, சக்கரத்துல பேரிங்கு எந்தூரு. ஒரு கடையில அந்தம்மா, "சார், வாங்கறீங்களா இல்லீங்களா?"ன்னு வெச்சுருச்சு. அப்பறம் மார்கழி வந்துருச்சு, மார்கழியில புதுப் பொருளு வேண்டாம்னு விட்டேன். தை பொறக்கட்டும்னேன். அவசரப்பட்டு வாங்கியிருந்தா ஏமாந்திருப்போமுங்க. நான் செஞ்சது சரிதான?

தையில அவ பெரிய மனுசி ஆயிட்டா.

கலாமணி போன்ல அழுதுட்டே சொன்னா, சந்தோசத்துல. தாய்மாமன் நான், எனக்கு எப்பிடி இருந்திருக்கும் சொல்லுங்க! பச்சை ஓலையில குடுசு கட்டோணும், சீரு கொண்டு போகோணும், என்னைய விட்டா யாரு இருக்கறா? அப்ப அம்மிணி போன வாங்குனா. குடுசுக்குள்ள உக்கார வெக்கறதுக்கு முந்தியே, "மாமா, போர்டு வாங்கிட்டீங்களா?"ன்னு கேட்டா. இன்னும் இல்ல கண்ணுன்னேன்.  அப்பறம் மெதுவா, யாருக்கும் கேக்காத மாதிரி சொல்றா, "மாமா, அதச் சீர்ல வெச்சுக் கொண்டாங்க. தாய்மாமன் சீர அப்பா வேண்டாம்னு சொல்ல முடியாது. சொன்னாத் தப்பு."

என்ன அறிவு பாருங்க! சீர வேண்டாங்கறது மாமன மூஞ்சியில அடிக்கறாப்பல. அந்தத் துணிச்சல் எந்த மாப்பிள்ளைக்கும் வராது. அவங்கப்பன் அதுக்குள்ள என்னமோ சொல்லியிருப்பாராட்டம், இனி இதெல்லாம் வேண்டாம்னு. அவரு சொன்னதும் நாயந்தானுங்க. பெரிய புள்ள, களத்துல ஆம்பளையாளுங்க வேலை செய்யறாங்க, ரோட்டுல போறவன் வர்றவன் பாக்கறான். அப்பன் சொல்லத்தான் செய்வாரு. அதெல்லாம் கொஞ்ச நாள்ல சரியாப் போயிரும்னு நெனைச்சுட்டேன். அன்னைக்கே ஆர்டர் போட்டனுங்க.

எந்தக் கடைன்னா கேக்கறீங்க? அவ மொதல்ல காட்டுனாளே, அந்தப் பெங்களூர்க் கடைதான். எல்லாத்தையும் அலசிப் பாத்ததுல அதுதான் நல்ல கடைன்னு தெரிஞ்சுது. அலசாம எப்பிடிங்க தெரியும்?

சீரு போனது பெரிய கூத்துங்க. மேளத்தோட வரிசையாத் தட்டு. பட்டுச் சீல, வளையலு, கொலுசு, பழம், பலகாரம். எல்லாத்துக்கும் முன்னால என்ற கையில தாம்பாளத்துல இந்தப் பலகை. மஞ்சக் குங்குமம் வெச்சு, மல்லிப்பூச் சுத்தி, சக்கரத்துக்குக் கூடப் பொட்டு வெச்சிருந்தேன். ஒறம்பரைச் சனம் பூராவும் சிரிச்சுது. "ஏப்பா வெள்ளிங்கிரி, தேர மறந்துட்டுச் சக்கரத்த மட்டும் கொண்டாந்துட்டயா?"ன்னு எங்க பெரியப்பன் மகன் கத்துறான். நான் கண்டுக்கல. நேரா அம்மிணிய உக்கார வெச்சிருந்த மேடைக்குப் போயி நீட்டுனேன்.

மாப்பிள்ளை ரெண்டு கையும் நீட்டி வாங்குனாருங்க. வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டாரு. "தாய்மாமன் சீருங்க மச்சான். சாவற வரைக்கும் பத்திரமா வெச்சுக்குவோம்"னாரு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. அம்மிணி பட்டுச் சீலையும் நகையுமா உக்காந்திருந்தா, கழுத்தத் திருப்ப முடியாத அளவுக்கு மால. ஒரு வெரலால சக்கரத்தச் சுத்தி விட்டா. அது நிக்காமச் சுத்துச்சு. அதையே பாத்துட்டு இருந்தா, அவளுக்கும் கண்ணு நெறைஞ்சிருச்சு. எல்லாரும், "பாத்தீங்களா, மாமன் சீருக்குப் புள்ள எப்பிடிப் பூரிச்சுப் போச்சு"ன்னாங்க.

பொறகு கொஞ்ச நாளு கழிச்சுப் போன் பண்ணுனேன். "எப்பிடி ஓடுது கண்ணு?"

"அட்டாலி மேல இருக்குதுங்க மாமா." அட்டாலின்னா பரணுங்க, உங்கூர்ல எப்பிடிச் சொல்வாங்களோ.

"ஏன் கண்ணு?"

"சீர்ப் பொருளையெல்லாம் சிமெண்டுல போட்டுத் தேய்ப்பாங்களான்னு அப்பா மேல எடுத்து வெச்சுட்டாரு. வெள்ளிக் கொடத்துக்குப் பக்கத்துல. இனி ஓட்டவும் வேண்டாம்னுட்டாரு. மாமா, நீங்க அப்பாகிட்டப் பேசுங்க மாமா. நீங்க சொன்னாக் கேப்பாரு."

பேசறேன்னு சொன்னனுங்க. பேசவும் செஞ்சேன். அதுக்குன்னு லீவு போட்டுப் போனேன். ஆனா பொண்ணு குடுத்த வீடு பாருங்க. எடுத்த எடுப்புல எப்பிடிக் கேக்கறது? கலாமணி அங்க தானுங்க பொழைக்கோணும். நாம ஒண்ணு சொல்லிட்டு பஸ் ஏறி வந்துருவோம், அவ இல்லீங்க வாங்கிக் கட்டிக்கோணும்? சரி, சக்கரத்துல ஆரம்பிப்பம்னு ஆரம்பிச்சேன். "மாப்பிள்ளை, அந்தப் பலகையில சக்கரம் கொஞ்சம் கெட்டியா இருக்கும்னு தோணுது, வேற கடையில நல்ல சக்கரமா வாங்கி மாத்திக் குடுத்தர்றேன்"னேன். அவரு சிரிச்சுட்டு, "எதுக்குங்க மச்சான் சிரமம்? உங்க இஷ்டம், மாத்தறதுன்னா மாத்துங்க"ன்னாரு. தங்கமான மனுசன். ஒரு குத்தஞ் சொல்லல. அதுக்கு மேல என்னத்தப் பேசறது? காப்பி குடிச்சுட்டு வந்துட்டேன்.

அம்மிணிக்குப் போனப் போட்டு, "பேசிட்டேன் கண்ணு, சரின்னுட்டாரு உங்கப்பா"ன்னேன். "நெசமாவா மாமா!"ன்னு ஒரு கத்துக் கத்துனா பாருங்க. திமுதிமுன்னு ஓடற சத்தம் கேக்குது. அட்டாலிக்குத்தான் ஓடுனாளோ என்னமோ. "ஆமா கண்ணு, சக்கரம் மாத்திக்கலாம்னு சொல்லிட்டாரு"ன்னேன்.

ஓடற சத்தம் நின்னுருச்சுங்க. லைன் போயிருச்சோன்னு பாத்தேன், போகல. மூச்சு வாங்கறது கேட்டுது. அப்பறம், "சரிங்க மாமா"ன்னா. "சக்கரம் கெட்டியாத்தான் இருக்குது"ன்னா.

பாத்தீங்களா, நான் நெனைச்சது சரியாப் போச்சு! கோளாறு சக்கரத்துலதான்.

மறுபடியும் தேட ஆரம்பிச்சேன். சக்கரத்துக்கு மட்டும் ஒரு கடை. மெத்துன்னு, கல்லு மேல போனாக் கூடத் தூக்கிப் போடாத சக்கரம். அனுப்புனேன். "எப்பிடி இருக்குது?"ன்னா, "நல்லா இருக்குதுங்க மாமா, ஆனாப் பலகை அகலம் பத்தாது"ன்னா. எங்க கம்பெனியில துணி வாங்கற வெளிநாட்டு பையர் கூட இப்பிடித் துல்லியமாச் சொல்ல மாட்டாங்க. அகலமாப் பாத்து இன்னொரு பலகை அனுப்புனேன். ஒருவேளை புள்ளைக்கு அடிபட்டுரும்னு மாப்பிள்ளை பயப்படறாரோன்னு தலைக்குத் தொப்பி, முட்டிக்கு ஒற, அதுக்குன்னு தனியா வேற கடை. எல்லாம் வந்ததும் மாப்பிள்ளை மரியாதையா வாங்கி வெச்சுக்குவாரு. எல்லாம் அட்டாலிக்குப் போயிரும். போகப் போக அம்மிணி குத்தஞ் சொல்றதையும் நிறுத்திட்டா. "நல்லா இருக்குதுங்க மாமா", அவ்வளவுதான். போன அம்மாகிட்டக் குடுத்துருவா. ஞாயித்துக்கெழம போனாலும் ரூமுக்குள்ளயே இருந்துக்குவா. முன்னெல்லாம் நான் வாசப்படி ஏறறதுக்குள்ள ஓடியாருவாளுங்க. நான் என்ன பாவம் பண்ணுனேன்? ஒரு நல்ல கடை கண்டுபுடிக்க முடியலீங்கறதத் தவுர நான் அவளுக்கு என்ன கெட்டது செஞ்சேன்?

போன வாரம் அவளே கூப்புட்டா. "மாமா, எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிருங்க. தெனமும் படுக்கையில அண்ணாந்து அதையே பாத்துட்டுப் படுத்திருக்க என்னால முடியல"ன்னா. பாக்கக் கூடப் புடிக்கலையாமுங்க.

அதுதான் இன்னைக்குப் போனேன். மாப்பிள்ளை களத்துல இருந்தாரு. மத்ததையெல்லாம் பார்சல்ல அனுப்பிக்கலாம்னு, சீர்ப் பலகைய மட்டும் கலாமணி ஸ்டூல் போட்டு எறக்கிக் குடுத்தா. நான் பொட்டியில வெக்கப் போனேன், அம்மிணி, "இருங்க மாமா"ன்னா. போயி ரூமுக் கதவச் சாத்துனா. சன்னலச் சாத்துனா. பலகையத் தரையில வெச்சா. வெளையாட்டுக்கு இல்லீங்க, கோயில்ல வெளக்கு வெக்கறாப்பல மெதுவா வெச்சா. தாவணிய ஒதுக்கிக்கிட்டு ஏறி நின்னா. ஒரு கை சன்னல் கம்பியில. ஓட்டலீங்க. அங்க ஏது எடம், பீரோ ஒரு பக்கம், கட்டிலு ஒரு பக்கம். அசையாம நின்னா. கண்ண மூடிட்டா. கலாமணி மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. வெளிய பருப்பு வாரற ஆளுங்க பேசிக்கற சத்தம் கேக்குது. அவ நின்னுட்டே இருக்கறா. அப்ப அவ வாயி லேசாத் தொறந்துச்சுங்க.

பொறகு எறங்குனா. பலகை மேல அவ கால் தடம் விழுந்திருந்துச்சு. தாவணி மொனையால அத நல்லாத் தொடச்சா. "திருப்பிக் குடுக்கறதுன்னா அழுக்கா இருக்கக் கூடாதுல்லீங்க மாமா"ன்னா. அவளே பொட்டியில வெச்சு மூடிக் குடுத்தா.

 நல்ல புள்ளைங்க. மாமனத் திட்டக் கூட இல்ல.

என்ன கேட்டீங்க? இதுல அவ கடைசியா ஓட்டுனது எப்பன்னா?

இதுலயா... இதுல அவ ஓட்டவே இல்லீங்களே. பழைய பலகையிலதான் ஓட்டுனா. களம் காலியாக் கெடந்தப்ப. நான் கடை பாத்துட்டு இருந்தேன் அப்ப.

இருங்க, எறங்கிராதீங்க, திருப்பூர் இன்னும் வரல. படிச்சவராட்டம் இருக்கறீங்க, அதான் கேக்கறேன். பெங்களூர், மெட்ராஸ்னு நாலு ஊரு போறவரு. உங்களுக்குத் தெரிஞ்ச கடை ஒண்ணு சொல்லுங்க. எனக்கு ஒரே ஒரு நல்ல கடை தெரிஞ்சாப் போதும். நல்ல பலகையாக் கெடைச்சா அவ களத்துல எறங்கிருவாளுங்க. முன்ன மாதிரி அந்தக் கோடி வரைக்கும் போவா. போவா தானுங்களே?